பழைய பிக்கப் டிரக்கின் பின்புறச் சட்டத்தைத் தாழ்வான ஏர் சஸ்பென்ஷனுக்கு மாற்றியமைப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய பிக்கப் டிரக்கைத் தரையோடு படிய வைக்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர் ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்கும் காற்றுப்பைகளையும் கம்ப்ரஸரையும் முதலில் வாங்கிவிட்டு, வண்டியின் முதுகெலும்பான இரும்புச் சட்டத்தை (சேஸி) பற்றிப் பிறகு யோசிக்கிறார்கள். உண்மையில் வண்டி எவ்வளவு தாழும் என்பதைத் தீர்மானிப்பது காற்றுப்பை அன்று. பையிலிருந்து காற்று வெளியேறும்போது சட்டம் கீழே இறங்குகிறது; இறங்கி வரும் சட்டத்தின் அடிப்பாகம் பின் ஆக்சில் குழாயின் மேல் போய் உட்காரும் இடத்தோடு அந்த இறக்கம் முடிந்துவிடுகிறது. ஆக்சில் ஏறி நிற்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டாக்காத வரை, எவ்வளவு உயர்ந்த பையைப் போட்டாலும் பின்பக்கம் ஓரளவுக்கு மேல் தாழாது. தாழ்த்தினாலும் ஒவ்வொரு குழியிலும் இரும்போடு இரும்பு மோதும்.

அந்த இடத்தை உண்டாக்குவதும், உண்டாக்கும்போது சட்டம் இழந்த வலிமையை முழுவதும் அதற்குத் திருப்பிக் கொடுப்பதும்தான் இந்த வேலை. வெட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். எங்கே, எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்வதற்குச் சில நாட்கள் ஆனாலும் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்வேன். நன்றாக வெல்டிங் செய்யத் தெரியாதவர்கள் அளவெடுத்தல், பொருத்திப் பார்த்தல் ஆகியவற்றைத் தாங்களே செய்துகொண்டு, இறுதி வெல்டிங்கை மட்டும் தேர்ந்த வெல்டரிடம் விட்டுவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் பகுதியின் வாகன விதிகள் வண்டியின் சட்டத்தில் மாற்றம் செய்ய எந்த அளவுக்கு அனுமதிக்கின்றன என்பதையும் கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டியின் பின்பகுதி எந்த வகை என்று பாருங்கள்

பழைய பிக்கப்களின் பின் சஸ்பென்ஷன் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். 1960 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி10 வண்டிகளில் பெரும்பாலானவை, வண்டியின் நடுவே உள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு நீண்ட கைகளும் சுருள் ஸ்பிரிங்குகளும் கொண்டவை. 1973-இல் தொடங்கிய அடுத்த தலைமுறை பட்டை ஸ்பிரிங்குக்கு மாறியது. ஃபோர்டு எஃப்-100 வகைகள் பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங்கையே வைத்திருந்தன.

முதல் வகை வண்டி வைத்திருப்பவர்கள் அந்த நீண்ட கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு கம்பி இணைப்புக்கு (ஆக்சிலை நான்கு கம்பிகளால் சட்டத்தோடு பிடிக்கும் அமைப்பு) தாவ வேண்டியதில்லை. அந்தக் கைகளின் அமைப்பு நுட்பமானது. சி வடிவ இரும்புச் சேனல்கள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து ரிவெட் அடித்து ஐ வடிவத்தில் செய்யப்பட்டவை அவை. மேலும் கீழும் வளைய மறுக்கும், ஆனால் முறுக்கினால் சிறிது இசைந்து கொடுக்கும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறி மறு சக்கரம் பள்ளத்தில் இருக்கும்போது ஆக்சில் சாய்வதற்கு இடம் தருவது அந்த இசைவுதான். வலுவாக்குகிறோம் என்று நினைத்து அந்தக் கைகளின் திறந்த பக்கங்களைப் பிளேட் வைத்து மூடி வெல்டிங் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கை முறுக மறுத்து, அந்த விசை முழுவதும் கையின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களின் மீதும் அவற்றைத் தாங்கும் சட்டத்தின் மீதும் போய் விழுகிறது. அந்தக் கைகளைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் நிலைமை வேறு. பட்டை என்பது வண்டியின் எடையைத் தாங்குவதோடு ஆக்சிலை முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் இந்த வேலைகளைச் செய்ய நான்கு கம்பிகளும் ஒரு பக்கவாட்டுக் கம்பியும் தேவை. பட்டையை வைத்துக்கொண்டே பக்கத்தில் காற்றுப்பை சேர்ப்பது சுமை தாங்கும் உதவிக்குப் பொருந்துமே தவிர, தரையோடு படிய வைப்பதற்கு உதவாது.

சட்டத்தின் நிலையையும் இப்போதே சோதித்துவிடுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகு, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணியோசை தரும். உள்ளே அரித்துப்போன இடம் மந்தமான ஓசை தரும். இரண்டு பிளேட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ரிவெட் அடிக்கப்பட்ட இடங்களில் இடையே துரு பொங்கி அவற்றைப் பிரித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய இலகு ரக பிக்கப்களின் சட்டம் பெரும்பாலும் எளிதில் வெல்டிங் ஏற்கும் மென்னெஃகு. கனரகச் சட்டங்கள் சில வெப்பப் பதப்படுத்தப்பட்டவை. வெல்டிங் செய்யக் கூடாது என்று அவற்றிலேயே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். அத்தகைய சட்டத்துக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

மிகத் தாழ்ந்த நிலையை முதலில் நிறுத்திப் பாருங்கள்

இந்த வேலையின் எல்லா அளவுகளும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: காற்று முழுவதும் வெளியேறிய நிலையில் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது. அதை ஓடும் உயரத்திலிருந்து கணக்கிட முயலாதீர்கள். பின் பெட்டியைக் கழற்றி, பட்டையையோ சுருளையோ எடுத்துவிட்டு, சட்டத்தை மட்டமான தரையில் நீங்கள் விரும்பும் கடைசித் தாழ்வில் ஸ்டாண்டுகள் மேல் உட்கார வையுங்கள். நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் டயரையும் ரிம்மையும் ஆக்சிலில் மாட்டி, ஆக்சிலைச் சட்டத்துக்குக் கீழே அதன் இடத்தில் நிறுத்துங்கள். இடத்தில் இன்னும் வெட்டு இல்லாததால் ஆக்சில் குழாய் சட்டத்தில் முட்டும். அதனால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி, அதன் மையத்தின் உயரத்தைச் சட்டத்தின் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்வது எளிய வழி.

ஓர் எடுத்துக்காட்டு. எடை ஏறிய டயரில் சக்கர மையம் தரையிலிருந்து 340 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, ஆக்சில் குழாயின் விட்டம் 80 மி.மீ. ஆகவே குழாயின் மேல் விளிம்பு 380 மி.மீ. உயரத்தில் நிற்கும். தாழ்ந்த நிலையில், ஆக்சிலுக்கு மேலே வரும் சட்டத்தின் அடிவிளிம்பு 310 மி.மீ. உயரத்தில் இருந்தால், குழாய் சட்டத்துக்குள் 70 மி.மீ. ஏற வேண்டியிருக்கிறது. அதன் மேல் முழுவதும் அமுங்கிய ரப்பர்த் தடுப்புக்கு 20 மி.மீ., எதுவும் எதையும் தொடாமல் இருக்க 25 மி.மீ. எனச் சேர்த்தால், தேவையான வெட்டின் ஆழம் 115 மி.மீ. சட்டத்தின் மொத்த உயரம் 150 மி.மீ. என்றால் மேலே மிஞ்சுவது 35 மி.மீ. மட்டுமே. இந்த ஒரு கணக்குதான் எந்த வகை வெட்டு என்பதைத் தீர்மானிக்கும். அதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

வெட்டின் அகலத்தைக் குறிக்கும்போது பலரும் தவறுவது ஓரிடத்தில். ஆக்சில் நேர்க்கோட்டில் மேலேறுவதில்லை. அதைப் பிடித்திருக்கும் கையின் வட்ட வில்லில் ஏறுகிறது. 1200 மி.மீ. நீளக் கை மட்ட நிலையிலிருந்து 100 மி.மீ. ஏறினால் ஆக்சில் ஏறத்தாழ 4 மி.மீ. முன்னால் நகர்கிறது. 500 மி.மீ. நீளமே உள்ள கம்பியானால் அது 10 மி.மீ. ஆகிவிடும். ஆகவே வெட்டின் நடு, ஓடும் நிலையில் ஆக்சில் நிற்கும் இடம் அன்று. படிந்த நிலையில் அது வந்து சேரும் இடம். 80 மி.மீ. குழாய்க்கு இரு பக்கமும் குறைந்தது 35 மி.மீ. விட்டு 150 மி.மீ.க்குக் குறையாத அகலம் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் குழாய்களும் ரப்பர்த் தடுப்பின் தாங்கியும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

நிலையை நிறுத்தியிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். ஒரு டயர் வெடித்து ரிம் தரையைத் தொட்டால், வண்டியின் எந்தப் பாகமும் ரிம்முக்கு முன்பாகத் தரையில் உரசக் கூடாது. ஒரு பக்க ரிம்மின் அடிவிளிம்பிலிருந்து மறுபக்க டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு நூலைக் கட்டுங்கள். ஓடும் உயரத்தில் அந்த நூலுக்குக் கீழே எதுவும் இறங்கியிருக்கக் கூடாது. கம்பிகளின் தாங்கிகளும் காற்றுப்பையின் கீழ்த் தட்டும்தான் வழக்கமாக இதில் மாட்டிக்கொள்ளும்.

எந்த வகை வெட்டு

அடிவிளிம்பிலிருந்து அரைவட்டமாகவோ பாலம் போலவோ வெட்டி, வெட்டின் ஓரம் முழுவதும் புதிய பிளேட் வைத்து மூடுவது சி நாட்ச். சட்டத்தையே துண்டித்து, ஆக்சிலுக்கு மேலே வரும் பகுதியைப் படிக்கட்டு போல உயர்த்திக் கட்டுவது ஸ்டெப் நாட்ச். ஆக்சிலுக்கு முன்னாலிருந்து வால் வரை முழுவதையும் நீக்கிச் செவ்வகக் குழாயால் புதிதாகக் கட்டுவது மூன்றாவது வழி.

ஒரு திண்மையான பட்டையின் உயரத்தைப் பாதியாக்கினால் அதன் வளைவு வலிமை நான்கில் ஒன்றாகிறது; விறைப்பு எட்டில் ஒன்றாகிறது. சேனல் வடிவத்தில் கணக்கு இதே அளவில் வராவிட்டாலும் போக்கு இதுதான். அதுவும் சேனலின் வலிமையில் பெரும்பங்கு மேலும் கீழும் உள்ள மடிப்புகளில்தான் இருக்கிறது. நாம் வெட்டும்போது கீழ் மடிப்பைத்தான் முழுவதும் அறுத்து எறிகிறோம். சி நாட்ச் பிளேட்டின் உள்வளைவில் ஒரு அகலமான பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் அன்று. அறுந்துபோன கீழ் மடிப்பை வளைவின் வழியாக மீண்டும் தொடர வைப்பது அதுதான். அந்தப் பட்டை இல்லாத, வெறும் பக்கப் பிளேட்டால் மட்டும் ஒட்டப்பட்ட வெட்டை நான் ஏற்க மாட்டேன்.

என் வழக்கம் இப்படி: வெட்டின் ஆழம் சட்டத்தின் பாதி உயரத்துக்குள் அடங்கினால் சி நாட்ச். அதைத் தாண்டினால், நம் எடுத்துக்காட்டில் வந்த 115 மி.மீ. போல, பக்கப் பிளேட்டுகள் சட்டத்தின் மேல்விளிம்பைத் தாண்டி உயர்ந்து, அங்கே புதிய மேல் மடிப்போடு பெட்டியாக மூடப்பட வேண்டும். இல்லையேல் ஸ்டெப் நாட்ச். வளைவின் உச்சியில் நிற்கும் சட்டத்தின் உயரம் பழைய சட்டத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இருக்கும்படி கட்டுவதே எனக்கு மனநிறைவு தருகிறது. சட்டம் மேலே உயர்ந்தால் பெட்டியின் தரையை வெட்ட நேரும். பெட்டியைச் சிதைக்காமல் வைத்திருப்பது முக்கியம் என்றால், இன்னும் 40 மி.மீ. தாழ்வுக்கு ஆசைப்படாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாங்கு கட்டுதல், அடிப்படைக் கோடு

வெட்டியவுடன் சட்டத்தின் வால் தொங்கும், அல்லது விலகும். அதைத் தடுக்க, வெட்டப்போகும் இடத்துக்கு முன்னும் பின்னும் எட்டும்படி ஒவ்வொரு நெடுக்குச் சட்டத்தின் மேலும் ஒரு சதுரக் குழாயை நீளவாக்கில் புள்ளி வெல்டிங்கால் பிடித்து நிறுத்துங்கள். இரு சட்டங்களுக்கும் இடையே, வெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு குறுக்குத் தாங்கு தேவை. ஸ்டாண்டுகளையும் வெட்டுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு என வைத்து, நான்கின் மேலும் சட்டம் ஒரே மாதிரி அழுந்தும்படி மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்யுங்கள்.

பிறகு அளவுக் குறிகள். தூக்குக்குண்டைச் சட்டத்தின் தெளிவான துளைகளிலிருந்து தொங்கவிட்டு, முனை தொடும் இடங்களைத் தரையில் புள்ளியாகக் குறியுங்கள். முன்னிரண்டு, வாலிரண்டு எனக் குறித்த புள்ளிகளைக் குறுக்காக அளந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துப்போக வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் சட்டம் ஏற்கெனவே எப்போதோ அடிபட்டுத் திருகியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். அந்தப் புள்ளிகளைச் சுற்றி வட்டமிட்டு, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை அழியக் கூடாத குறிகள் அவை. ரசமட்டத்தைச் சட்டத்தின் நான்கு இடங்களில் வைத்து, அளவைச் சட்டத்திலேயே எழுதிவைப்பதும் நல்லது.

வெட்டுதலும் பொருத்துதலும்

முதலில் பழைய ரிவெட்டுகள். தலையைக் கிரைண்டரால் சீவி, நடுவில் புள்ளி குத்தி, ரிவெட்டின் விட்டத்தைவிடச் சிறிய முனையால் துளைத்த பின் பஞ்சால் தட்டினால் சட்டத்தின் துளை கெடாமல் வெளியே வந்துவிடும். கேஸ் கட்டரால் ஊதித் தள்ளுவது வேகம்தான். ஆனால் துளை பெரிதாகி, பிறகு போடும் போல்ட் அதில் ஆடும். 10.9 தர போல்ட்டை அதன் அளவுக்குச் சரியாக உள்ள துளையில் போட்டால்தான் ரிவெட்டின் வேலையை அது செய்யும். புதிதாகப் போடும் துளைகளைச் சட்டத்தின் நடுத்தகட்டில் மட்டும் போடுங்கள். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடுவது விரிசலுக்கு நாமே வழி திறப்பதாகும்.

5 அல்லது 6 மி.மீ. பிளேட்டில் பக்கத் தகடுகளை வெட்டிக்கொள்ளுங்கள். முன்னதாக அட்டையில் வெட்டிச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் பிளேட் வீணாகாது. தகட்டின் இரு முனைகளையும் செங்குத்தாக முடிக்காமல், மீனின் வால் போலவோ சாய்சதுரத்தின் கூர் போலவோ சரித்து முடியுங்கள். செங்குத்தாக முடிந்த தகட்டின் ஓரத்தில், வலுவான பகுதி சட்டென்று முடிந்து மெலிந்த பகுதி தொடங்குகிறது. சட்டம் அசையும்போதெல்லாம் அசைவு முழுவதும் அந்த ஒரே கோட்டில் குவிந்து, சில ஆண்டுகளில் அங்கேதான் விரிசல் விடும். சரிந்த முனை அந்த மாற்றத்தை நீளத்தில் பரப்பிவிடுகிறது.

வெட்டுவதற்கு முன்பே ஒரு பக்கத் தகட்டை அதன் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். அதன் வளைவே வெட்டுக்கு வழிகாட்டும் அச்சாகவும் இருக்கும். வெட்டி முடித்த கணத்தில் சட்டம் தனியாகத் தொங்காமல் தகடு அதைப் பிடித்தும் இருக்கும். கூர்மூலை எதையும் விட்டுவைக்காதீர்கள். வளைவு தொடங்கும் இடங்களைக் குறைந்தது 20 மி.மீ. ஆரத்தில் உருட்டி, கிரைண்டர் விட்டுச் சென்ற கீறல்களை அரத்தால் நீளவாக்கில் தேய்த்து எடுங்கள். விரலை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது.

வெல்டிங்

இங்கே ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்ல வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால், அதன் ஆவியிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும். மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கப் போதும். துடைப்பதற்கு அசிட்டோனைப் பயன்படுத்தி, அது முழுவதும் உலர்ந்த பிறகு தொடங்குங்கள். துத்தநாகம் பூசிய போல்ட்டும் தகடும் இருந்தால் பூச்சை முன்பே சீவிவிடுங்கள். பெட்ரோல் தொட்டி வண்டியில் இருக்கக் கூடாது. பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் இணைப்பும் கழன்றிருக்க வேண்டும். எர்த் கவ்வியை வெல்டிங் செய்யும் துண்டிலேயே பிடியுங்கள். தொலைவில் பிடித்தால் மின்னோட்டம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

மிக் வெல்டிங்கில் 0.9 மி.மீ. ஈஆர்70எஸ்-6 கம்பியும், 75 பங்கு ஆர்கான் 25 பங்கு கரியமில வாயு கொண்ட கலவையும் இந்தப் பருமனுக்கு நன்றாகப் பொருந்தும். முட்டும் ஓரங்களை வி வடிவில் சீவி, இடையே 2 மி.மீ. விட்டால்தான் உருகிய உலோகம் அடிவரை இறங்கும். பளபளப்பான வெல்டிங் மேலே உட்கார்ந்துகொண்டு அடியில் ஒட்டாமல் இருப்பதைப் போல ஆபத்தானது வேறில்லை. ஆகவே அதே பருமனுள்ள கழிவுத் துண்டில் முதலில் வெல்டிங் செய்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். வெல்டிங் பிளக்காமல் தகடு மடங்க வேண்டும்.

பக்கத் தகடுகளில் 16 மி.மீ. துளைகள் சில போட்டு, அந்தத் துளைகளுக்குள் வெல்டிங்கை நிரப்பினால் தகடு நடுவிலும் சட்டத்தோடு பிணையும். நீளவாக்கில் ஓடும் வெல்டிங் நல்லது. மடிப்பின் குறுக்கே, அதன் ஓரம் வரை ஓடும் வெல்டிங்கைத் தவிருங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் ஓரத்துக்கு 15 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஒரே மூச்சில் செய்யக் கூடாத வேலை இது. நான் முதன்முதலில் செய்த சட்டத்தில், இடப்பக்கத்தின் மேல் தையல் முழுவதையும் ஒரே தொடர்ச்சியாக முடித்துவிட்டுத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். குண்டின் முனை தரைப் புள்ளியிலிருந்து நகர்ந்து நின்றது. ரசமட்டத்தின் குமிழி கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வால் 4 மி.மீ. மேலே இழுக்கப்பட்டிருந்தது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்குகிறது. மேல் தையல் சுருங்கினால் வால் மேலே போகும், கீழ்த் தையல் சுருங்கினால் கீழே வரும். அந்த 4 மி.மீ.யைத் திருத்தத் தையலில் பாதியைச் சீவி எடுத்து மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. அதன் பிறகு 30 மி.மீ. துண்டுகளாக மட்டுமே செய்கிறேன்: இடப்பக்க மேல், வலப்பக்கக் கீழ், இடப்பக்கக் கீழ், வலப்பக்க மேல் என்று மாறி மாறி, ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, குண்டைப் பார்த்துக்கொண்டு. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

கம்பிகள், பக்கவாட்டுப் பிடிமானம், பினியன் கோணம்

நான்கு கம்பி அமைப்பில் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் ஒரே நீளமாகவும் இணையாகவும் இருந்தால், ஆக்சில் ஏறி இறங்கும்போது பினியனின் (டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் தண்டு) கோணம் மாறாது. நீண்ட கை அமைப்பில் அது கையோடு சேர்ந்து மாறும், 1200 மி.மீ. கையில் 100 மி.மீ. ஏற்றத்துக்கு ஏறத்தாழ 5 பாகை. ஆயினும் வண்டி ஓடுவது ஓடும் உயரத்தில்தான். கோணத்தை அந்த உயரத்தில் சரியாக வைத்தால் போதும். கியர்பாக்ஸின் வெளித்தண்டு 3 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், பினியன் அதே 3 பாகை மேல்நோக்கி இருக்க வேண்டும். அதாவது இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு கிராஸ் ஜாயிண்டிலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 1 முதல் 3 பாகை வரை மடங்கியிருப்பது நல்லது. மடிப்பே இல்லையென்றால் ஜாயிண்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஓரிடத்திலேயே அழுந்தித் தழும்பு ஏறும்.

பக்கவாட்டில் ஆக்சிலைப் பிடிக்கும் பானார்ட் கம்பியை இடம் உள்ள அளவுக்கு நீளமாகவும், ஓடும் உயரத்தில் மட்டமாகவும் வையுங்கள். 760 மி.மீ. நீளக் கம்பி மட்டத்திலிருந்து 100 மி.மீ. ஏறினால் ஆக்சில் பக்கவாட்டில் 6 அல்லது 7 மி.மீ. நகரும், 500 மி.மீ. கம்பியானால் 10 மி.மீ. அகலமான டயர் போட்டு, பெட்டியின் உள்சுவருக்கும் டயருக்கும் விரலகலமே விட்டிருக்கும் வண்டியில் இந்த வேறுபாடு டயரைக் கிழிக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

காற்றுப்பையும் ஷாக் அப்சார்பரும்

பை தரும் விசை என்பது அழுத்தத்தைப் பையின் செயற்பரப்பால் பெருக்கியது. ஒரு பக்கத்தில் சட்டம் 600 பவுண்டு எடையை இறக்குகிறது, பையின் செயற்பரப்பு 25 சதுர அங்குலம் என்றால், ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்த பைக்கு 24 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 24 பவுண்டு) அழுத்தம் போதும். அதே பையைக் கையின் நடுவில், முன் புஷ்ஷுக்கும் ஆக்சிலுக்கும் சரிபாதியில் வைத்தால் நெம்புகோல் விதிப்படி இரு மடங்கு விசை, 48 பிஎஸ்ஐ வேண்டும். அதற்கு ஈடாகப் பை 50 மி.மீ. நீண்டால் சக்கரம் 100 மி.மீ. நகரும். படிந்த நிலையிலிருந்து ஓடும் உயரத்துக்குப் பெரிய எழுச்சி வேண்டும் என்பவர்கள் பையைச் சற்று முன்னால் வைப்பது இதற்காகத்தான். முக்கால் தொலைவில் வைத்தால் 32 பிஎஸ்ஐ. எழுச்சியும் மென்மையும் அங்கே சமநிலைக்கு வருகின்றன என்பது என் கருத்து.

பையை உற்பத்தியாளர் குறித்துள்ள ஓடும் உயரத்தில் நிறுத்தும்போது அதன் மேல் தட்டும் கீழ்த் தட்டும் இணையாக இருக்க வேண்டும். ஊதிய பை கொழுத்துப் பருக்கும். சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள், புகைக்குழாய் அருகே வந்தால் இடையே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். காற்று வெளியேறிய நிலையில் வண்டியின் எடை பையின் மீது இறங்கி நிற்கக் கூடாது: பை முழுவதும் அமுங்குவதற்கு முன்பே ரப்பர்த் தடுப்பு ஆக்சிலைத் தாங்க வேண்டும். அதேபோல் பை முழுவதும் நீள்வதற்கு முன்பே ஷாக் அப்சார்பரோ தடுப்புப் பட்டையோ ஆக்சிலை நிறுத்த வேண்டும். தாங்கிகளைப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தும்போது பைக்குப் பதில் அதே உயரத்துக்கு வெட்டிய குழாய்த் துண்டை வைத்துக்கொண்டால், தீப்பொறி பட்டுப் பை பாழாகாது.

ஷாக் அப்சார்பரைச் சாய்த்து வைத்தால் அதன் பிடிமானம் குறையும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் நான்கில் மூன்று பங்கு, 45 பாகை சாய்ந்தால் பாதிதான் மிஞ்சும். இடமில்லை என்று கிடத்திப் போட்ட ஷாக்குகளால்தான் பல ஏர் வண்டிகள் நெடுஞ்சாலையில் படகு போல அலைகின்றன.

எல்லாவற்றையும் புள்ளி வெல்டிங்கில் நிறுத்திய பிறகு, ஜாக்கியால் ஆக்சிலை முழு இறக்கத்திலிருந்து முழு ஏற்றம் வரை பலமுறை நகர்த்துங்கள்; பிறகு ஒரு பக்கம் மட்டும் ஏற்றி, மறுபக்கம் இறக்கிப் பாருங்கள். டிஃபரன்ஷியலின் தலை குழாயைவிட உயரமானது. மேலே உள்ள குறுக்குச் சட்டத்தையோ பெட்டியின் தரையையோ முதலில் தொடுவது அதுதான். சந்தேகமான இடத்தில் களிமண் உருண்டையை ஒட்டி வைத்தால், நசுங்கிய பருமன் மிஞ்சும் இடைவெளியைச் சொல்லும்.

மற்ற உறுப்புகள்

பிரேக் ஹோஸ் முழு இறக்கத்தில் இழுபடக் கூடாது, முழு ஏற்றத்தில் டயரைத் தொடக் கூடாது. வெட்டின் குறுக்கே ஓடிய இரும்புக் குழாயை வளைவின் மேல் வழியாகக் கொண்டுபோய், முனைகளை இரட்டை மடிப்பில் (டபுள் ஃப்ளேர்) முடியுங்கள். கைப்பிரேக் கேபிளுக்கும் இதே சோதனை. 1972 வரையிலான சி10-இல் பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னே கேபினுக்குள்ளேயே இருக்கும். பின்புறம் திறந்திருக்கும் இந்தச் சமயத்தில் அதை ஆக்சிலுக்குப் பின்னே, இரு சட்டங்களுக்கும் இடையே மாற்றிவிடுவது நல்ல முடிவு. அப்படியானால் தொட்டியின் அடி, வால் முனையைவிடத் தாழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று அமைப்பும் முதல் சோதனையும்

காற்றுத் தொட்டிக்குப் பாதுகாப்பு வால்வு, நீர் வடிகட்டி, அடியில் வடிகால் திருகு ஆகிய மூன்றும் கட்டாயம். நைலான் குழாயைக் கத்தரியால் வெட்டினால் முனை நசுங்கும், கசிவு அங்கே தொடங்கும். குழாய் வெட்டும் கருவியால் செங்குத்தாக வெட்டுங்கள். இரு பின் பைகளுக்கும் தனித்தனி வால்வு கொடுங்கள். ஒரே குழாயில் இரண்டையும் இணைத்தால், வளைவில் சாயும் பக்கத்தின் காற்று மறுபக்கத்துக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும். 12 வோல்ட் கம்ப்ரஸருக்கு அதன் மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலேயும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸும் வேண்டும்.

முதல் முறை காற்று ஏற்றும்போது சோப்பு நீரை ஒவ்வோர் இணைப்பிலும் தடவிப் பாருங்கள். ஒரு குமிழி எழுந்தாலும் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். ஒரு இரவு விட்டு மறுநாள் உயரத்தை அளந்தால் கசிவு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பையின் காற்றை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஒரு பொருத்து கழன்றால் சட்டம் ஒரு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். ஸ்டாண்டுகள் சட்டத்தின் அடியில் நின்ற பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

வெறும் சட்டத்தில் பெயிண்ட் அடிக்கும்போது, வெட்டைச் சுற்றி வெளிர் நிறமாக அடிக்கும்படி பரிந்துரைப்பேன். முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்கிவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தகட்டின் சரிந்த முனைகளையும் வளைவு தொடங்கும் மூலைகளையும் பாருங்கள். அங்கே மயிரிழை போலத் துருநிறக் கோடு ஒன்று தெரிந்தால் அது பெயிண்டின் விரிசல் என்று விட்டுவிடாதீர்கள். சீவிப் பார்த்து, இரும்பிலும் அது தொடர்ந்தால் அதன் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு நிறுத்தி, வி வடிவில் தோண்டி மீண்டும் வெல்டிங் செய்து, தகட்டை அந்த இடத்தைத் தாண்டி நீட்டுங்கள்.